நந்திமலை அடிவாரத்தில் ஒரு திராட்சைப் பாடம்

நம் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்றில், இத்தாலி போய்வந்த உறுப்பினர் ஒருவர் தமது பயணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ரோமாபுரிக்கும் வெனிசுக்கும் ஐந்து நிமிடம். மீதி நேரமெல்லாம் வடமேற்கு இத்தாலியில் பியட்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த லாங்கே என்ற குன்றுப் பகுதிக்குத்தான். உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் வழிகாட்டியாக வந்து, காலையில் திராட்சைத் தோட்டத்தையும், மதியம் ஒரு விவசாயி வீட்டுச் சாப்பாட்டையும், மாலையில் ஒயின் முதிரவைக்கும் நிலவறையையும் காட்டினாராம். நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில்தான் பரோலோ என்ற ஒயினைச் செய்ய வேண்டும். குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், முதிரவைத்த பின்தான் விற்கலாம் என்பது அங்கே சட்டம். அதே குன்றுகளில் ஹேசல் கொட்டை விளைகிறது. ஆல்பா என்ற ஊரில் 1946-ல் தொடங்கிய ஃபெரேரோ சாக்லேட் நிறுவனம் அந்தக் கொட்டையை நம்பி எழுந்ததே. மண்ணுக்கடியில் வளரும் டிரஃபிள் என்ற வெள்ளைக் காளானை நாயை விட்டு மோப்பம் பிடித்துத் தோண்டி எடுக்கிறார்கள். பூண்டும் நெத்திலி போன்ற ஒரு மீனும் எண்ணெயில் கரைந்த சூடான குழம்பு ஒன்று நடுவில் கொதித்துக்கொண்டிருக்க, சுற்றி உட்கார்ந்து காய்கறிகளை அதில் தோய்த்துத் தின்கிறார்கள். அதற்குத் துணை அந்த மண்ணின் ஒயின். இந்தத் தோட்டப் பகுதியை யுனெஸ்கோ 2014-ல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஓர் அன்பர், "இதெல்லாம் அவர்களுக்குச் சரி. நமக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் சங்கக் கூட்டத்தில் ஒயின் பேச்சு எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. நாம் குடியிருக்கும் விவேக் நகரிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நமக்கும் ஒரு திராட்சை நாடு இருக்கிறது. ஊர்ப் பெயரையே சுமந்த ஒரு திராட்சை இருக்கிறது. அதைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? நந்தி மலைக்குச் சூரியோதயம் பார்க்கப் போய், வழியில் பந்தல் பந்தலாகத் தெரிவதை வண்டியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். அப்படித்தான் நானும் முப்பது வருடம் திரும்பினேன்.

இந்தக் கட்டுரை குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழத்தின் வழியாக நாம் வாழும் நாட்டைக் கற்றுக்கொள்ளும் முயற்சி இது.

பெயரில் பெங்களூர், பிறப்பில் அமெரிக்கா

பெங்களூர் புளூ என்று பழக்கடையில் கேட்டால் தெரியாதவர் இல்லை. கருநீல நிறம், மேலே சாம்பல் பூத்தாற்போல் ஒரு மாவுப் படலம், தடித்த தோல், உள்ளே விதை. வாயில் போட்டு அழுத்தினால் தோல் தனியாகவும் சதை தனியாகவும் பிரிந்து வரும். ஜூஸ் கடைகளில் 'கிரேப் ஜூஸ்' என்று தருவது பெரும்பாலும் இதுதான். இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பெங்களூர், சிக்கபள்ளாபூர், கோலார் மாவட்டங்களே இதன் தாய்நிலம்.

தாய்நிலம் என்றேனே தவிர, கொடி வந்தேறிதான். ஒயின் செய்யப்படும் ஐரோப்பியத் திராட்சைகள் எல்லாம் வினிஃபெரா என்ற இனத்தைச் சேர்ந்தவை. நெபியோலோவும் அதுவே. பெங்களூர் புளூவில் ஓடுவதோ லப்ரஸ்கா என்ற அமெரிக்க இனத்தின் ரத்தம். 1816 வாக்கில் நியூயார்க் அருகே ஒரு நாற்றுப்பண்ணைக்காரர் 'இசபெல்லா' என்று பெயரிட்டுப் பரப்பிய வகையேதான் இது, அல்லது அதன் நெருங்கிய உறவு என்று நூல்களில் எழுதுகிறார்கள். லப்ரஸ்கா இனத்துக்கென்று ஒரு தூக்கலான மணம் உண்டு. அதற்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது மீத்தைல் ஆந்த்ரனிலேட். திராட்சை மிட்டாயிலும் பபிள்கம்மிலும் செயற்கையாகச் சேர்ப்பது இதைத்தான். ஆகவே பெங்களூர் புளூவைத் தின்றுவிட்டு, 'மிட்டாய் மாதிரி இருக்கிறதே' என்று குழந்தைகள் சொன்னால், மிட்டாய்தான் இதன் மாதிரி இருக்கிறது என்று திருத்திச் சொல்லுங்கள்.

இந்த மணம்தான் இதன் பாக்கியமும் சாபமும். ஒயின் ரசிகர்களுக்கு இந்த வாசனை ஆகாது. ஐரோப்பியச் சட்டம் வணிக ஒயினுக்கு ஆகாது என்று விலக்கி வைத்துள்ள ஆறு திராட்சை வகைகளில் இசபெல்லாவும் ஒன்று. இதில் ஒரு வேடிக்கை. அதே இத்தாலியில், நமது உறுப்பினர் சுற்றிவந்த வடபகுதியிலேயே, வீட்டுக் கொல்லைகளில் இசபெல்லாக் கொடி படர்ந்திருக்கிறது. ஸ்ட்ராபெரி வாசனை அடிப்பதால் 'உவா ஃபிராகோலா', அதாவது ஸ்ட்ராபெரித் திராட்சை என்று பெயர். அதில் செய்யும் ஃபிராகோலினோ என்ற பானத்தை ஒயின் என்று கடையில் விற்கக்கூடாது. வீட்டுக்குச் செய்து குடித்துக்கொள்ளலாம். பரோலோவைப் பார்த்துவிட்டு வந்த நம் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "வழிகாட்டி அம்மா அதைக் காட்டவேயில்லையே!" என்றார். விருந்தாளிக்குக் காட்டுவது வேறு, வீட்டார் அருந்துவது வேறு. நம் நாட்டில் மட்டும்தானா அது?

திராட்சையை நம் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அயல்நாட்டாரே அதிகம். தமிழ்நாட்டில் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அறிமுகப்படுத்தினார் என்பர். (மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்த வகைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.) பெங்களூரில் கண்டோன்மென்ட், வெள்ளைக்காரர் பங்களாக்கள், லால்பாக் ஆகியவற்றைச் சுற்றியே பழத்தோட்டப் பழக்கம் வளர்ந்தது. இன்னொரு செய்தியும் நம்மில் பலருக்குத் தெரியாது. தெருமுனையில் காய்கறி, பழம் விற்கும் ஹாப்காம்ஸ் கடை இருக்கிறதல்லவா? அந்த நிறுவனம் 1959-ல் தோட்டக்கலைத் துறையின் டாக்டர் மரிகவுடாவின் முயற்சியால் தொடங்கியபோது, பெங்களூர் திராட்சை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமாகத்தான் தொடங்கியது. கத்தரிக்காயும் வெண்டைக்காயும் பிறகு சேர்ந்தவை.

கவுடர் காட்டிய தோட்டம்

ஜனவரிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் புறப்பட்டோம். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் வந்தார். குழந்தை இயேசு ஆலயத்துக்குத் தவறாமல் போகிறவர்; தெருவில் எல்லோருக்கும் டீச்சரம்மா. கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் முன்பே ஜாடியில் திராட்சை ஒயின் போட்டு வைப்பவர். ஐம்பது வருடமாகப் பெங்களூர் புளூவை வாங்கிப் பிசைந்தவர், கொடியில் அதைப் பார்த்ததில்லை என்றார். அதற்காகவே வந்தார்.

ஹெப்பாள், எலகங்கா தாண்டி தொட்டபள்ளாபூர் வரை போய், நந்தி மலை இருக்கும் திசையில் திரும்பினால் திராட்சை நாடு. எங்கள் வழிகாட்டி தொழில்முறை வழிகாட்டி அல்ல. இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி, தெரிந்தவர் மூலம் அறிமுகமானவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கவுடர் என்றே எழுதுகிறேன். கன்னடத்தில் பேசினார், நடுநடுவே தெலுங்கு கலந்தது. எங்களுக்காகக் கொஞ்சம் தமிழும் சேர்த்துக்கொண்டார். காய்கறி லாரியில் ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் போய்வந்ததில் கற்றுக்கொண்டாராம்.

முதலில் அவர் காட்டியது பழத்தை அல்ல, கல்லை. பந்தலைத் தாங்கி நிற்பவை ஆளுயரக் கருங்கல் தூண்கள். "எங்கள் அப்பா நட்டது, சார். கொடி போனால் வேறு கொடி வைக்கலாம். இந்தக் கல்லை இன்றைக்கு வாங்கி நட முடியாது" என்றார். தூண்களுக்கு மேலே கம்பி வலை. அதன்மேல் கொடி படர்ந்து கூரையாகிவிடுகிறது. கொத்துகள் கீழே தொங்குகின்றன. லாங்கேயில் கொடியை வேலிபோல் வரிசை வரிசையாக நிறுத்தி வளர்ப்பார்கள். வெயில் போதாத நாடு, ஒவ்வோர் இலைக்கும் சூரியன் படவேண்டும். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, பழத்துக்கு நிழல் வேண்டும். ஆகவே பந்தல். இதே பக்கத்தில் ஐரோப்பிய வகைகளை வளர்க்கும் ஒயின் தோட்டங்களில் வேலி முறையையும் பார்க்கலாம்.

அடுத்து கத்தரிக்கோல். இதுதான் அன்றைய முக்கியமான பாடம். ஒயின் நாடுகள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை அட்சரேகைக்குள் இருப்பவை. அங்கே பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும், ஆண்டுக்கு ஒரு விளைச்சல். நாம் இருப்பதோ 13 பாகையில். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. விட்டால் இலையும் தண்டுமாய்ப் போய்க்கொண்டே இருக்கும், காய்ப்பு சிதறிவிடும். ஆகவே விவசாயி கவாத்து செய்து கொடியை நிறுத்துகிறான், மறுபடி தொடங்கவைக்கிறான். கவாத்து செய்த நாளிலிருந்து நான்கரை, ஐந்து மாதத்தில் பழம். பெங்களூர் புளூவில் வருடத்துக்கு இரண்டு விளைச்சல் எடுக்கலாம். எந்த வாரம் வெட்டினால் எந்த மாதம் பழம் வரும், அப்போது மழை இருக்குமா, சந்தையில் வேறு பழம் இருக்குமா என்று கணக்குப் போடுவதுதான் இங்கே திராட்சை விவசாயம். "வெட்டுகிற தேதியில்தான் சார் லாபமும் நஷ்டமும்" என்றார் கவுடர்.

தோட்டத்து ஓரத்தில் நீலக்கறை படிந்த ஒரு டிரம் இருந்தது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து. இதற்கு 'போர்டோ கலவை' என்று பெயர். பிரான்ஸில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் இந்த நீல நீரைத் தெளித்து வைத்தார்களாம். தெளித்த கொடிகளை மட்டும் பூஞ்சைநோய் அண்டவில்லை என்பதைக் கவனித்த மில்லார்டே என்ற பேராசிரியர் 1885-ல் இதை வெளியிட்டார். திருடனுக்காகத் தெளித்தது நோய்க்கு மருந்தாயிற்று! வினிஃபெரா வகைகளோடு ஒப்பிட்டால் பெங்களூர் புளூவுக்கு மருந்துச் செலவு குறைவு. மழையையும் நோயையும் ஓரளவு தாங்கும். சிறு விவசாயி இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

இந்தத் தாங்கும் குணத்துக்கு ஒரு பெரிய சரித்திரமும் உண்டு. 1860-களில் அமெரிக்கக் கொடிகளோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி, அங்கிருந்த தோட்டங்களை வரிசையாக அழித்தது. கடைசியில் மீட்சியும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று ஐரோப்பாவின் பெருமைமிக்க ஒயின்களில் பெரும்பாலானவை அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. நமது பழத்தைத் தாழ்வாகப் பேசுவோரிடம் இதைச் சொல்லலாம்.

"உங்கள் பழத்தில் ஒயின் குடித்திருக்கிறீர்களா, கவுடரே?" என்று டீச்சரம்மா கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "முப்பது வருடமாக விற்கிறேன் அக்கா, ஒரு சொட்டு வாயில் பட்டதில்லை. எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை."

மதியச் சாப்பாடு

லாங்கேயில் மதியச் சாப்பாட்டில் தோட்டத்து ஒயின் மேசைக்கு வரும். கவுடர் வீட்டில் வந்தது ராகி முத்தே. நம் கேழ்வரகுக் களிதான், ஆனால் இங்கே கைக்கு அடங்காத உருண்டை. கிள்ளி, சாற்றில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். எங்களில் ஒருவர் மென்றுவிட்டு மாட்டிக்கொண்டார். கவுடரின் தாயார் பார்த்துச் சிரித்தார். சாறு, அவரைக்கொட்டையில் செய்தது. தைமாதத்துப் பனியில் விளைந்த அவரை. அதை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பு. இதற்கு அவர்கள் சொன்ன பெயர் 'ஹிதகின பேளே சாறு'.

இங்கே தமிழ்ப் பாடம் ஒன்று குறுக்கிடுகிறது. வேலூர், தருமபுரி பக்கத்து வாசகர்கள் இந்நேரம் கண்டுகொண்டிருப்பீர்கள்: பிதுக்கப் பருப்பு! தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். பால் என்பது ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. பழங்கன்னடத்தில் பகரமே இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாற்றம் இது. பிதுக்கு என்ற வினை அவர்கள் வாயில் ஹிதுகு ஆயிற்று. காலையில் கவுடர் 'ஹந்தர' என்று சொல்லிக்கொண்டிருந்தது நம் பந்தலேதான். பதினைந்து வருடம் இந்த ஊரில் கன்னடம் பேசியும் இது எனக்கு உறைத்ததில்லை. ஒரு தட்டுச் சாறு வேண்டியிருந்தது.

திராட்சை என்ற சொல்லோ இருவருக்குமே இரவல், வடமொழி த்ராக்ஷாவிலிருந்து வந்தது. தமிழில் கொடிமுந்திரி என்று ஓர் அழகான பெயர் இருந்தது. அகராதிகளில் இன்றும் இருக்கிறது. மலையாளிகள் திராட்சையை இன்னும் முந்திரி என்றே சொல்கிறார்கள். விவேக் நகரில் மலையாளி அண்டை வீட்டாரிடம் முந்திரி கேட்டுத் திராட்சை பெற்றவர்கள் உண்டு. நாம் முந்திரி என்ற பெயரைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த கொட்டைக்குக் கொடுத்துவிட்டோம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பட்டது இதுதான். லாங்கேயில் கொடியும் சமையலறையும் ஒயினும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவை. இங்கே அவை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. கவுடர் வீட்டுச் சமையலில் திராட்சைக்கு இடமே கிடையாது. அது விற்பனைப் பயிர், அதிகாலை டெம்போவில் நகரத்துக்குப் போய்விடும். அந்த வீட்டின் உணவு ராகி, அவரை, கீரை, சில நாள் நாட்டுக்கோழி. திராட்சை ஜாடிக்குள் போவதோ நம் விவேக் நகரிலும், ஆஸ்டின் டவுனிலும், குக் டவுனிலும். கிறிஸ்தவக் குடும்பங்களும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் தலைமுறைகளாகச் செய்துவருவது. கொடி ஒரு பக்கம், ஜாடி ஒரு பக்கம். நம் திராட்சை நாடு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆகவேதான் இதை ஒரு நாடாக யாரும் பார்ப்பதில்லை.

பெரிய ஒயின் தோட்டங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்டு. கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்பவரின் துணையோடு, 1988-ல் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சுத் திராட்சைகளை நட்டார். 1992-ல் முதல் ஒயின் வந்தது. சுமார் 900 மீட்டர் உயரம், செம்மண், பகல் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ள வித்தியாசம் ஆகியவை அவருக்குக் கைகொடுத்தன. மாநில அரசும் 2007-ல் ஒயின் கொள்கை வெளியிட்டது. இத்தகைய தோட்டங்களில் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் ஏற்பாடும் உண்டு. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போவது நல்லது. ஆனால் அங்கே சுற்றிக்காட்டுகிறவர்கள் ஷிராஸ், கபர்னே என்றுதான் பேசுவார்கள். பெங்களூர் புளூ பழச்சாற்றுக்கும், சர்க்கரையும் சாராயமும் சேர்த்த 'போர்ட்' ஒயினுக்கும் போகிறது. கோவாவில் விற்கும் போர்ட்டுகளுக்கும் இங்கிருந்து பழம் போவதுண்டு. (உண்மையான போர்ட், போர்ச்சுகல் நாட்டு டோரோ பள்ளத்தாக்குக்கே உரியது.)

யவனர் ஜாடியும் டீச்சரம்மா ஜாடியும்

பின்வரிசை அன்பரின் கேள்விக்கு, 'நமக்கு என்ன சம்பந்தம்' என்பதற்கு, இன்னொரு பதிலும் இருக்கிறது. இத்தாலிய ஒயின் தமிழ்நாட்டுக்கு வந்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது, இரு கைப்பிடி வைத்த ஒயின் ஜாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பின்னால் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த அகழாய்விலும் கிடைத்தன. மண்ணை ஆராய்ந்து, அவற்றில் பல இத்தாலியின் கம்பானியாப் பகுதியிலிருந்தும், சில கிரேக்கத் தீவான காஸிலிருந்தும் வந்தவை என்று கண்டார்கள். வெசூவியஸ் எரிமலை இருக்கும் நாடுதான் கம்பானியா. புறநானூற்றின் 56-ம் பாட்டில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் தர மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். தேறல் என்றால் தெளிந்தது. கள், நறவு, தோப்பி என்று வகைக்கொரு பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். தோப்பி அரிசியில் வீட்டிலேயே காய்ச்சியது. குடியை இகழ்ந்து வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடினார் என்பதையும் மறந்துவிடலாகாது.

அன்று மாலை கவுடர் தோட்டத்தில் பத்துக் கிலோ பழம் வாங்கினோம். அந்த வார இறுதியில் டீச்சரம்மா வீட்டில் ஜாடி இறங்கியது. ஊறுகாய் போடுகிற பெரிய பீங்கான் ஜாடி, அவருடைய மாமியார் காலத்தது. பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் பிசைந்து போட வேண்டும். கிலோவுக்கு முக்கால் கிலோ சர்க்கரை, ஆறின கொதிநீர், ஒரு கைப்பிடி கோதுமை, கொஞ்சம் ஈஸ்ட், பட்டை, கிராம்பு. வாயை இறுக்கி மூடாமல் துணியால் கட்ட வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றும். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் ஜாடி வெடிக்கும். நாளுக்கொரு தடவை மரக்கரண்டியால் கிண்டிவிட்டு, மூன்று வாரத்தில் வடிகட்டி, பிறகு தெளிய விட வேண்டும். திராட்சைச் சாறு பெரும்பாலான வகைகளில் நிறமற்றதாகவே இருக்கும், சிவப்பு பெரும்பாலும் தோலிலிருந்து இறங்குவது. ஆகவே தோலோடுதான் ஊற வேண்டும். பெங்களூர் புளூவில் புளிப்பு அதிகம், அதனால்தான் இவ்வளவு சர்க்கரை. திருப்பலிக்கான ஒயின் வேறு. அதில் திராட்சையைத் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். ஜாடி ஒயின் வீட்டாருக்கும் விருந்தினருக்கும் மட்டுமே. உரிமம் இல்லாமல் விற்பது குற்றம்.

கவுடரின் தோட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். இரண்டரை ஏக்கரில் முன்பு முழுவதும் பெங்களூர் புளூதான் இருந்ததாம். 2020-ல் ஊரடங்கு வந்தபோது பழம் கொடியிலேயே வற்றியது. ஒயின் ஆலைகளும் ஜூஸ் கடைகளும் மூடிக்கிடந்தன. அடுத்த வருடம் ஒரு ஏக்கரைப் பிடுங்கித் தில்குஷ் என்ற தின்னும் பழ வகையை வைத்தார். இன்னொரு பகுதியில் தக்காளி. மிச்சம் அரை ஏக்கருக்கும் கொஞ்சம் கூட. 2008-ல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததிலிருந்து நிலத்துக்குக் கேட்கும் விலை வேறு. தண்ணீரோ ஆயிரம் அடிக்கும் கீழே. பாலாறும் தென்பெண்ணையும் அர்க்காவதியும் பிறக்கிற மலையடிவாரம் இது என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததை அங்கே நின்று நினைத்தால் நம்ப முடியவில்லை. நம் கோரமங்கலாப் பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு 2018 முதல் அனுப்புகிறார்கள். நாம் திறந்துவிட்ட குழாய் ஏதோ ஒரு கொடிக்கு எட்டுகிறது என்று எண்ணிக்கொள்ளலாம்.

"அந்த அரை ஏக்கரை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "கல் இருக்கிறதே" என்றார். பிறகு சற்று யோசித்து, "இதற்குச் செலவு குறைவு சார். எனக்கும் வயதாகிறது. தெரிந்த கொடி" என்றார். விற்கச் சொல்லும் மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவன் பேசவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் டீச்சரம்மாவும் நானும் ஒரு பாட்டிலோடு மறுபடி போனோம். கவுடர் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்தார். "நம் பழம்தான்" என்றார். பிறகு வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் இரண்டு ஸ்பூன் அளவு ஊற்றிக் குடித்தார். முகம் சுருங்கியது.

"சர்க்கரை ஜாஸ்தி அக்கா. பழம் இன்னும் பத்து நாள் கொடியில் இருந்திருந்தால் இவ்வளவு போட வேண்டியிருக்காது. அடுத்த தடவை வாங்க வருவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள், உங்களுக்கென்று ஒரு வரிசையைப் பறிக்காமல் விடுகிறேன்."

டீச்சரம்மா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கவுடரின் தாயார் வெளியே வந்து, பாட்டில் காலியானதும் எண்ணெய் ஊற்றி வைக்க ஆகும், திருப்பிக் கேட்க மாட்டீர்களே என்று விசாரித்தார்.